மிளகாய் விதைப் பெட்டி: வெக்கையான ஊருக்கு வெப்ப விரிப்பு எதற்கு?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உரமும் மருந்தும் விற்கும் கடைகளில் இப்போது ஒரு புதுச் சரக்கு வந்திருக்கிறது: வீட்டுக்குள்ளேயே காரமிளகாய் நாற்று வளர்க்கும் பெட்டி. விலை 45 ரிங்கிட். உள்ளே 12 குழி கொண்ட தட்டு, தண்ணீர் பட்டால் ஊறிப் பருக்கும் 12 தென்னைநார் வில்லைகள், ஒளி புகும் பிளாஸ்டிக் மூடி, யூஎஸ்பியில் எரியும் சின்ன எல்.இ.டி. பட்டை, வெப்ப விரிப்பு, பெயர்க்குச்சிகள். விதைப் பொட்டலம் மூன்று: ஹலபேனோ, ஹபனேரோ, பூட் ஜொலோக்கியா. ஒவ்வொன்றிலும் 10 விதை.

தட்டும் வில்லையும் நல்ல சரக்கு. விளக்கு அரைகுறை. வெப்ப விரிப்பு இந்த ஊருக்குத் தேவையே இல்லை; செருகினால் கெடுதல்தான். குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் செய்த பெட்டி இது. அங்கே மிளகாய் விதைக்குக் குறைவது சூடு. நமக்குச் சூடு சும்மா கிடைக்கிறது. நாற்றைக் கொல்வது அதிக ஈரமும் வெளிச்சக் குறைவும். வழிகாட்டித் தாள் சொல்வதை அப்படியே செய்தால் பாதி நாற்று போய்விடும். சிலவற்றை மாற்றிச் செய்தால் இதே பெட்டியில் நல்ல நாற்று எடுக்கலாம்.

மிளகாய் விதை 25 முதல் 30 பாகைக்குள் நன்றாக முளைக்கும். தாமான் வீட்டின் கூடத்தில் பகலில் 28 முதல் 32 பாகை எப்போதும் இருக்கும். விரிப்பு அதற்கு மேல் 5 முதல் 10 பாகை ஏற்றும். தானாக அணைக்கும் கருவி இந்தப் பெட்டியில் இல்லை. வில்லைக்குள் 38 பாகையைத் தாண்டினால் விதை முளைக்காமல் அவிந்து அழுகும். ஏர்கான் இரவு முழுக்க ஓடும் அறையில் தட்டை வைத்தால் மட்டும் விரிப்புக்கு வேலை உண்டு. கூடத்திலேயே வைத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

வில்லைகளைப் பற்றி மனதாரச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 40 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கால் மணி நேரத்தில் பருத்துவிடும். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வடியும். நாரில் தங்கிய உப்பும் அதில் சேர்ந்து வரும் என்பதால், அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை ஊறவைத்து வடியுங்கள். பிறகு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம்.

விதையை வெதுநீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, குழிக்கு 2 வீதம் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். தாளில் 2 செ.மீ. என்று இருக்கிறது, அத்தனை ஆழம் மிளகாய்க்கு ஆகாது. ஹலபேனோ 7 முதல் 10 நாளில் தலைகாட்டும். ஹபனேரோவும் பூட் ஜொலோக்கியாவும் சைனென்ஸ் என்ற இன்னொரு இனம். அவை 2 முதல் 4 வாரம் எடுத்துக்கொள்ளும். பத்தாம் நாளில் பொறுமை இழந்து கிளறிப் பார்ப்பதாலேயே பலர் நல்ல விதையைக் கெடுக்கிறார்கள். மூன்றையும் ஒரே தட்டில் போட்டால் ஹலபேனோ முளைத்ததும் மூடியைத் திறக்க வேண்டியிருக்கும், மற்ற இரண்டுக்கும் அப்போது ஈரம் காயும். ஆகவே முதலில் சைனென்ஸ் இனத்து விதைகளைப் போட்டு, இரண்டு வாரம் கழித்து ஹலபேனோவைப் போடுவது நல்லது. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

மூடி இங்கே இருமுனைக் கத்தி. முளைக்கும்வரை ஈரத்தைக் காக்கும். முளை வளைந்து மேலே வந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் நாற்றழுகல் வரும்: தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல் இளைத்து, காலையில் நிமிர்ந்திருந்த நாற்று மாலையில் படுத்துவிடும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் கிருமிகளின் வேலை அது. விழுந்த நாற்றை மீட்க முடியாது; அந்த வில்லையோடு எடுத்து வெளியே போடுங்கள். தாளில் சொல்லியிருக்கும் ‘நாளுக்கு இருமுறை தெளிப்பு’ இதற்கு வாசல் திறந்துவிடும். தெளிப்பதற்குப் பதிலாகத் தட்டின் அடியில் 1 செ.மீ. தண்ணீர் ஊற்றி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வில்லையின் மேல்பக்கம் வெளுத்துக் காயும்வரை அடுத்த தண்ணீர் வேண்டாம். பக்கத்தில் சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் தண்டும் தடிக்கும். சிறு கறுப்பு ஈக்கள் வில்லையைச் சுற்றிப் பறந்தால் அதுவும் ஈரம் மிகுந்ததன் அடையாளம்தான்.

சில முளைகள் விதைத்தோலைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு வரும். பிடித்து இழுத்தால் வித்திலை கிழியும். ஒரு சொட்டு நீர் வைத்து விடுங்கள், தானாகக் கழன்றுவிடும்.

வெளிச்சத்தில்தான் பெட்டி ஏமாற்றம் தருகிறது. 5 வாட் பட்டை முதல் பத்து நாளுக்குத் தாங்கும், அதுவும் நாற்றுக்கு 5 செ.மீ. மேலே தொங்கினால். அதற்குப் பிறகு நாற்று வெளிச்சம் தேடி நெட்டையாக நீண்டு சாயும். ‘சன்னலோரம் வையுங்கள்’ என்பதும் நமக்குப் பொருந்தாது. பேராக் பூமத்திய ரேகைக்கு 5 பாகை பக்கத்தில் இருக்கிறது. நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்க, கூரை இறவாணம் சன்னலுக்கு வரும் வெயிலை மறைத்துவிடும். கிழக்குச் சன்னலில் காலை வெயில் சில மணி நேரம் விழும், அவ்வளவுதான். மின்சாதனக் கடையில் 4 அடி, 18 வாட், 6500 கெல்வின் ‘டேலைட்’ எல்.இ.டி. குழாய் வாங்கி, நாற்றுக்கு 10 முதல் 15 செ.மீ. மேலே கட்டி, டைமர் பிளக்கில் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். வளர வளர விளக்கை உயர்த்துங்கள்.

இவ்வளவு சிரமத்துக்கு வெளியிலேயே விதைத்தால் என்ன? சாயங்கால அடைமழை, நத்தை, கிளறும் கோழி, இளந்தளிரைச் சுருட்டும் இலைப்பேன், எல்லாம் முதல் ஒரு மாதத்தில்தான் கொல்லும். அந்த மாதத்தை உள்ளே கடத்துவதற்காகத்தான் இத்தனையும்.

பெட்டியில் உரம் இல்லை. வித்திலைக்குப் பிறகு இரண்டு உண்மை இலை விரிந்ததும், கடையிலேயே கிடைக்கும், ஏ, பி என இரண்டு பாகமாக வரும் ஏபி உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு கொடுங்கள். உரநீரின் செறிவைக் காட்டும் ஈ.சி. மானி வைத்திருப்பவர்கள் 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். ஏ-யையும் பி-யையும் கெட்டிக் கரைசலாக ஒன்றில் ஒன்று ஊற்றக் கூடாது. ஏ-யில் உள்ள கால்சியம், பி-யில் உள்ள சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்குப் போகாது. வாளி நிறையத் தண்ணீரில் முதலில் ஏ-யைக் கலக்கி, பிறகு பி-யை ஊற்றுங்கள்.

நாலைந்து உண்மை இலை வந்ததும், சுமார் ஐந்தாம் வாரத்தில், வில்லையைச் சுற்றிய வலையைக் கத்தரித்து எடுத்துவிட்டு 10 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். வலையோடு நட்டால் வேர் சிக்கிச் செடி குறுகிப்போகும். கார் நிற்கும் முன்தளத்தில் முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்கி, 12 அங்குலத்துக்குக் குறையாத பாலிபேக்கில் வையுங்கள்.

விதைத் தேர்வில் ஒரு மனக்குறை. நம் சமையலுக்கு வேண்டியது நீளமான குலாய் மிளகாயும் குட்டி மிளகாயான சிலி பாடியும். பூட் ஜொலோக்கியா 2007-இல் கின்னஸில் 10 லட்சம் ஸ்கோவில் (காரத்தை அளக்கும்) அலகைத் தாண்டிப் பதிவான மிளகாய். சிலி பாடி 50,000 முதல் 1 லட்சம். ஒரு குடும்பத்துக்குப் பூட் ஜொலோக்கியா ஒரு செடி போதும். நறுக்கும்போது கையுறை போடுங்கள். காரம் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில் இருக்கிறது. தண்ணீர் அதைக் கரைக்காது, வாய் எரிந்தால் தயிர்தான் கை கொடுக்கும். அதே தட்டில் சந்தையில் வாங்கிய நன்கு பழுத்த குலாய் மிளகாயின் விதையையும் போடலாம். கலப்பின விதையாக இருந்தால் காய் தாயைப்போல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்காரர் விரிப்பும் விளக்கும் இல்லாமல் தட்டு, வில்லை, விதை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். மிச்சப் பணம் குழாய் விளக்குக்கு ஆகும். அடுத்த முறை விதைப்பதற்கு முன் தட்டை 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். முந்தைய நாற்றழுகல் அந்தக் குழிகளில்தான் ஒட்டிக் கிடக்கும்.