வன்னி மேடைக்கு எந்த மலிவு எலக்ரிக் கிற்றார்?

ஸ்குவயர் அஃபினிற்றி ஸ்ராற்றோகாஸ்ரரா, எபிஃபோன் லெஸ் போல் ஸ்பெஷல் II-ஆ, யமஹா பசிஃபிக்காவா என்று கேட்கும் கிளிநொச்சிப் பெடியளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே வாசிக்கப் போறீங்கள்? யூரியூப்பில் கேட்கிற சத்தம் நல்ல அம்பும் (சத்தம் கூட்டும் அம்பிளிஃபயர்) அமைதியான அறையும் சேர்ந்து தருவது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், பின்னால் ஜெனரேற்றர் இரைய, தலைக்கு மேல் ரியூப் லைற் எரிய வாசிப்பது வேறு கதை.

ஸ்ராற்றில் (ஸ்ராற்றோகாஸ்ரர்) மூன்று பிக்கப்புமே, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்களுமே, சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள்). தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற அதே சுருள் சுற்றியுள்ள வயர்களின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துவிடும். டிஸ்ரோஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டால் பாட்டின் இடைவெளியெல்லாம் அந்த உறுமல்தான். (தந்தியைத் தொட்டதும் கை சுள்ளென்றால் பிக்கப்பைத் திட்டாதீங்கள், உடனே கழற்றிவிட்டு எர்த்தைப் பாருங்கள்.) டிஸ்ரோஷன் இல்லாமல் வாசிப்பவருக்கோ இந்த விலையில் இதைவிடத் தெளிவு கிடையாது. செரமிக் காந்தம் என்பதால் மேல் சுருதி கொஞ்சம் குத்தும். ரோன் குமிழை 7க்கு இறக்கினால் அடங்கிவிடும். சேர்ச் பாடகர் குழுவோடு கோர்ட்ஸ் (பல சுரம் சேர்ந்த கூட்டு) பிடிப்பவர் யோசிக்காமல் எடுக்கலாம்.

எபிஃபோனில் இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்). 1955இல் கிப்சன் கிற்றார் நிறுவனத்தில் செத் லவர் வடிவமைத்த உத்தி இது: இரண்டு சுருளையும் காந்த முனையையும் எதிரெதிராக வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஜெனரேற்றர் பக்கத்தில் நின்றாலும் பெரும்பாலும் அமைதிதான். தந்தி நீளமும் ஸ்ராற்றின் 648 மில்லிமீற்றருக்கு 628 என்பதால் சின்ன விரல்களுக்கு இலகு. ஆனால் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் கோர்ட்ஸ் அடித்தால் கீபோர்ட்காரரின் இடது கையோடு சேர்ந்து கூழாகிவிடும். எனக்கு இது மூன்றாமிடம்.

பசிஃபிக்காவில் பாலத்தருகே (தந்தி உடலில் பூட்டும் இடம்) ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் கொயில். இதில் 012, 112வி என்ற இரண்டு மொடலையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. 012இல் செரமிக் காந்தம். 112வியில் அல்னிக்கோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம். 112வியின் ரோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர் பிரிந்து சிங்கிள் கொயிலாகவும் ஒலிக்கும். மெலடிக்கு ஒரு சத்தம், சோலோவுக்கு இன்னொன்று என்று ஒரே பாட்டுக்குள் மாறவேண்டிய எங்கள் இசைக்குழுக்காரருக்கு 112விதான் பொருந்தும். விலை கூடத்தான். இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டு வாங்குங்கள்.

கடையில் முதலில் அம்பில் செருகாமல் வாசித்துப் பாருங்கள். அங்கேயே செத்துப் போகிற சுரத்தை எந்தப் பிக்கப்பும் எழுப்பாது. துருப்பிடித்த தந்தியில் மூன்று கிற்றாருமே மந்தமாகத்தான் கேட்கும். புதுத் தந்தி போடச் சொல்லுங்கள். பிறகு பிக்கப்பின் உயரம். சிங்கிள் கொயிலில், கடைசி ஃபிரெற்றை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) அழுத்திப் பிடித்தால் தடித்த தந்திக்குக் கீழே 2 மில்லிமீற்றர், மெல்லியதற்கு 1.6 அளவில் இடைவெளி இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து மேல் ஃபிரெற்றுகளில் சுருதியைக் குழப்பும். பிக்கப் சரியில்லை என்று விற்கப்படுகிற பல கிற்றார்களுக்குத் தேவைப்படுவது ஒரு ஸ்குரூ டிரைவர்தான். அதன் பிறகும் கையில் காசு மிஞ்சினால் பிக்கப் மாற்றப் போகாமல் நல்ல ஷீல்ட் உள்ள கேபிள் ஒன்று வாங்குங்கள்.