கூகுள் டிரைவ் அனுமதிகள்: கொடுப்பது சுலபம், திரும்ப எடுப்பதில்தான் வேலை

எங்கள் குழு சின்னது. மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், கல்லூரி விண்ணப்பம் என்று உதவுகிறோம். பணம் தருகிறவர்கள் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்துக் குடும்பங்கள். 2020 ஊரடங்கில் அரிசி பருப்பு கொடுக்கத் தொடங்கியபோது எல்லாப் பட்டியலும் வாட்ஸ்அப்பில்தான் ஓடியது. கல்வி உதவி என்று வந்ததும் வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கி விவரம், ஆதார் நகல் எல்லாம் குவிய ஆரம்பித்தன. அப்போது கூகுள் டிரைவுக்கு மாறினோம், இன்றுவரை அதில்தான் இருக்கிறோம். சாதாரண ஜிமெயில் கணக்குதான், காசு கட்டுவதில்லை. யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதை அது எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஃபைலைப் பகிரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும். வியூவர் பார்க்கலாம். கமென்ட்டர் பார்த்துக் கருத்தும் எழுதலாம். எடிட்டர் மாற்றலாம். இவர்களுக்கு மேல் ஓனர், அதாவது ஃபைலின் சொந்தக்காரர். சிறிய குழுவுக்கு இதுவே தாராளம். இதில் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது கமென்ட்டர். எங்கள் கணக்கைச் சரிபார்க்கும் ஆடிட்டருக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறோம். ‘இதற்கு ரசீது எங்கே’ என்று அந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுவார். ஒரு எண்ணைக்கூட அவர் தொட முடியாது, கேள்வியும் பதிலும் மட்டும் அங்கேயே பதிவாகிவிடும். கணக்கு கேட்கும் உரிமையையும் கணக்கை மாற்றும் உரிமையையும் இப்படிப் பிரித்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஃபோல்டரைப் பகிர்ந்தால் அந்த அனுமதி உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இறங்கும், நாளை அதில் போடப்போகும் ஃபைலுக்கும் சேர்த்து. இந்த ஒன்றை மனதில் வைத்தே அடுக்க வேண்டும். பெரிய ஃபோல்டர் ஒன்று, அதற்குள் ‘ரகசியம்’ என்று ஒரு ஃபோல்டர் என்று நாங்கள் வைப்பதில்லை. ஆதார் நகலும் வங்கி விவரமும் வெளியே தனி ஃபோல்டரில் இருக்கின்றன; பொருளாளர், நான், இன்னொருவர் தவிர வேறு யாருக்கும் அது இல்லை. தன்னார்வலர்களுக்கு மாணவர் பட்டியல் ஃபோல்டர், நன்கொடையாளர்களுக்கு அறிக்கை ஃபோல்டர். எது யாருக்கு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன்படி ஃபோல்டர் போட்டால் குழப்பம் வராது.

லிங்க் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ‘லிங்க் உள்ள எவரும்’ என்று திறந்துவிட்டால், வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட லிங்க் எங்கெங்கு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரைப் பெயர் சொல்லி நீக்கினாலும், பொது லிங்க் திறந்திருக்கும்வரை அவர் உள்ளே வந்துகொண்டே இருக்கலாம். பிள்ளைகளின் பெயர் இருக்கும் எந்த ஃபைலுக்கும் நாங்கள் பொது லிங்க் வைப்பதில்லை. யாராவது லிங்க்கைத் தட்டினால் அனுமதி கேட்டு மின்னஞ்சல் வரும், பார்த்துக் கொடுக்கலாம். ஜூன் மாதச் சேர்க்கை நேரத்தில் இந்த மின்னஞ்சல்கள் தொல்லைதான், ஆனாலும் இந்தத் தொல்லையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கூடவே ‘எடிட்டர்கள் அனுமதியை மாற்றலாம், பகிரலாம்’ என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். அது இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அதை விட்டுவைத்தால் நாம் ஒருவருக்குக் கொடுத்ததை அவர் பத்துப் பேருக்குக் கொடுக்க முடியும்.

இவ்வளவும் கொடுக்கிற பக்கம். எடுக்கிற பக்கம் வந்தால் மென்பொருளைவிட மனிதர்கள் கஷ்டம். நம்மவர்களிடம் ஒருவருடைய அனுமதியை எடுத்தால் அது அவமரியாதை. நீண்ட காலம் பொருளாளராக இருந்த அண்ணாச்சி பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். கணக்கு ஃபைலில் எடிட்டராக இருந்தவரை வியூவராக மாற்ற வேண்டும் என்றதும், “ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. அதனால்தான் சொன்னேன்: “அண்ணாச்சி, நாளைக்குக் கணக்குல ஏதாவது மாறிப்போனா உங்க பேரு அதுல வரக்கூடாது.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

அதற்குப் பிறகு ஆள் பெயரில் அனுமதி கொடுப்பதையே நிறுத்திவிட்டோம். பலரை ஒரே மின்னஞ்சல் முகவரியின் கீழ் சேர்க்கும் கூகுள் குரூப்ஸில் பொருளாளர், தன்னார்வலர், தணிக்கை என்று தனித்தனிக் குழு முகவரிகள். ஃபோல்டர்கள் எல்லாம் அந்த முகவரிகளோடுதான் பகிரப்பட்டிருக்கின்றன. புதியவர் வந்தால் குழுவில் சேர்ப்போம், பொறுப்பு முடிந்தால் எடுப்போம். எல்லா ஃபோல்டரிலும் அனுமதி தானாகவே வரும், தானாகவே போகும். யாரையும் ஒவ்வொரு ஃபைலாகத் தேடி நீக்க வேண்டியதில்லை, யாருக்கும் மனம் நோகவும் இல்லை. பொறுப்புக்குத்தான் அனுமதி, ஆளுக்கு இல்லை என்று எங்கள் கூட்டத்தில் எழுதிவைத்த பிறகு அந்தப் பேச்சே வருவதில்லை. இலவச ஜிமெயிலில் இது நன்றாக வேலை செய்கிறது. அனுமதிக்குக் காலக்கெடு வைக்கும் வசதி அலுவலக, கல்விக் கணக்குகளுக்குத்தான் கிடைக்கிறது. அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் குழுப் பட்டியலை உட்கார்ந்து பார்க்கிறோம்.

அடுத்தது ஓனர் விஷயம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல்தான் பல குழுக்கள் ஆவணத்தை இழக்கின்றன. என்னுடைய ஃபோல்டரில் ஒரு தன்னார்வலர் ஃபைல் போட்டால், ஃபோல்டர் என்னுடையது, ஃபைல் அவருடையது. அது பிடிக்கும் இடமும் அவருடைய இலவச 15 ஜிபி சேமிப்பிடத்தில்தான் கணக்காகும். ஃபோல்டரின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றினாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் உரிமை கூடவே போகாது. எங்கள் தன்னார்வலர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். வீடு வீடாகப் போய்ச் சான்றிதழ்களை போனிலேயே டிரைவ் ஆப்பில் ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். படிப்பு முடிந்ததும் புனே, பெங்களூர் என்று வேலைக்குப் போய்விடுவார்கள், பழைய ஜிமெயிலைத் தொடவே மாட்டார்கள். இரண்டு வருடம் பயன்படாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் கொள்கை கொண்டுவந்தது. கணக்கு போனால் அதிலுள்ள ஃபைல்களும் போகும். உரிமை மாற்றமும் ஒரு கிளிக்கில் முடியாது: ஓனர் கோரிக்கை அனுப்ப வேண்டும், புதியவர் அதை ஏற்க வேண்டும், அதுவரை பழையவர்தான் ஓனர். நாங்கள் செய்வது இதுதான்: ஏற்றப்படும் ஸ்கேன்களை மாதக் கடைசியில் குழுவின் பொதுக் கணக்கிலிருந்து நகல் எடுத்து வைக்கிறோம். நகல் எடுத்தவரே நகலின் ஓனர். பிறகு ஏற்றியவரைத் தன் ஃபைலை அழிக்கச் சொல்லிவிடுகிறோம். அலுப்பான வேலை, ஆனால் செய்தே ஆக வேண்டும்.

கூகுளின் கணக்குத் தாளான ஷீட்ஸில் உதவித்தொகை நெடுவரிசையைப் பூட்டி, பொருளாளர் மட்டும் மாற்றும்படி வைத்திருக்கிறோம். கை தவறி எண் மாறுவதை இது தடுக்கும், ஆனால் மறைக்காது. ஃபைலுக்குள் இருக்கும் ஒரு தாளை ஒளித்துவைத்தாலும், நகலெடுக்க முடிந்தவர் அதைப் பார்த்துவிடலாம். ஆகவே நன்கொடையாளர்களுக்குத் தனி ஷீட். ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் என்ற சூத்திரம் கொண்டு வகுப்பு, பள்ளி, தொகை மட்டும் அங்கே வரும், பெயர் வராது. அந்தத் தனி ஷீட்டில் வெளியாட்களுக்கு எடிட்டர் கொடுக்கவே கூடாது. ஒருமுறை இணைப்பை அனுமதித்துவிட்டால், அங்கே எடிட்டராக இருப்பவர் மூல ஷீட்டின் எந்தப் பகுதியையும் இழுத்துவிட முடியும்.

பதிவிறக்கத்தையும் அச்சிடுவதையும் வியூவருக்கு நிறுத்தலாம். நிறுத்தியிருக்கிறோம். ஆனாலும் திரையை இன்னொரு போனில் படமெடுப்பதை எந்த டிக்கும் தடுக்காது. ஆகவே கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத்தான் பெற்றோரிடம் கேட்கிறோம். ஆதார் வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்திலேயே அது கிடைக்கிறது. தேவையில்லாததை வாங்காமலே இருந்தால் காப்பாற்ற வேண்டிய பாரமும் இல்லை.

முறைசாராக் குழு, கல்யாண வேலை, குடியிருப்புச் சங்கம் போன்றவற்றுக்கு இலவசக் கணக்கும் குரூப்ஸும் போதும், தயங்காமல் சொல்வேன். பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் கூகுளின் தொண்டு நிறுவனத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் அமைப்புகளுக்கான கூகுள் கணக்கான வொர்க்ஸ்பேஸ் இலவசமாகக் கிடைக்கும், அதோடு ஷேர்டு டிரைவ் என்ற பொது டிரைவும். அங்கே ஃபைல் தனிநபருக்குச் சொந்தமில்லை, அமைப்புக்குச் சொந்தம். யார் போனாலும் ஃபைல் இருக்கும். கன்ட்ரிபியூட்டர் என்று ஒரு பொறுப்பும் உண்டு: ஃபைல் சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அளந்து தைத்த மாதிரி. நாங்களும் இப்போது அறக்கட்டளையாகப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறோம். கிடைத்ததும், ஷேர்டு டிரைவை நிர்வகிக்கும் மேனேஜர் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடாமல், தாராவியில் ஒருவர், செம்பூரில் ஒருவர் என்று இருவருக்குக் கொடுப்பதாக முடிவு.