கர்ப்பகாலத்தில் சீனி பார்க்கிற மெஷின்: வாங்கலாமா?

மெஷினின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். இரத்தத் துளியை வைத்துப் பார்க்கிற ஸ்ட்ரிப் போத்தல் என்ன விலை, பார்மசியில் எப்போதும் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மட்டக்களப்பு டவுனில் நான் எடுத்த குளுக்கோமீட்டர் மலிவுதான், காசைத் தின்பது ஸ்ட்ரிப். கர்ப்பகாலச் சீனி என்று தெரிந்ததும் வெறும் வயிற்றிலும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்கச் சொன்னார்கள். நாளுக்கு நாலு போகும், கணக்கை நீங்களே போடுங்கள்.

"இவ்வளவு குத்தத்தான் வேணுமா மகள்?" என்று மாமி கேட்டார். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறவளிடம் கேட்டால் பதில் நீளும்தானே. தாயின் இன்சுலின் சூல்வித்தகத்தைத் தாண்டாது, குளுக்கோஸ் தாண்டும். வருகிற சீனியைச் சமாளிக்கக் குழந்தையின் சதையி இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. சிக்கல் அங்கேதான். நுரையீரலின் இரண்டாம் வகைக் கலங்கள் சர்பெக்டன்ட் என்ற கலவையைச் செய்கின்றன. பெரும்பகுதி கொழுப்பு, பத்தில் ஒரு பங்கு அளவில் புரதம். காற்றுச் சிற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். கருவின் நுரையீரல் இழையத்தை ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தபோது, இன்சுலின் கூடினால் அந்தக் கலவையிலுள்ள எஸ்பி-ஏ, எஸ்பி-பி ஆகிய புரதங்களின் ஜீன்கள் அடங்கிப்போகின்றன. எஸ்பி-ஏ கிருமியோடு மோதுவது. எஸ்பி-பி இல்லாவிட்டால் அந்தக் கொழுப்பு சரியாகப் பரவவே பரவாது. சீனியைக் கட்டுக்குள் வைத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, பிறந்ததும் மூச்சுத் திணறுகிற இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மாமி அதற்குப் பிறகு ஸ்ட்ரிப் செலவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மெஷின் உண்மையில் உழைத்தது வேறொரு நேரத்தில். பேறு முந்திவிடுமோ என்று பயந்து, பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்க ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். நுரையீரலுக்கு நல்லது செய்கிற அதே ஊசி தாயின் சீனியைச் சில நாட்களுக்கு ஏற்றிவிடும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே நின்ற எண் சட்டென்று மேலே போனது. ராவில் எழும்பிப் பார்த்து, வார்ட்டில் சொல்லி, இன்சுலின் அளவை மாற்ற முடிந்தது. கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கிற விஷயமா அது?

குறை என்றால் நம்மூர் ஈரப்பதம். மாரி காலத்தில் போத்தல் மூடியைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும், மெஷினும் பிழை காட்டும். ஸ்ட்ரிப்பை ஃபிரிஜ்ஜிலும் வைக்கக்கூடாது. மாம்பழம் அரிந்த கையைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சீனியெல்லாம் வரும். லாப் முடிவோடு ஒப்பிட்டால் 15 சதவீதம்வரை வித்தியாசம் இருக்கலாம், அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். கூட வந்த ஊசிப் பேனா மட்டும் சுத்த மோசம். ஆகக் குறைந்த அளவில் வைத்தாலும் ஆழமாய்க் குத்துகிறது, விரல் நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்துங்கள்.

வாங்கும்போது போத்தலைத் திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்று லேபலில் பாருங்கள், அது கம்பனிக்குக் கம்பனி மாறும்.