ஃப்ரேம் ஸ்லைடர் மாட்டுமுன் போல்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்

ஃபேரிங் (பக்கவாட்டை மூடும் பிளாஸ்டிக் உறை) உள்ள ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்களும், அதற்கு ஃப்ரேம் ஸ்லைடர், அதாவது வண்டி விழுந்தால் முதலில் தரையில் பட்டு அடியைத் தாங்கும் பிளாஸ்டிக் குமிழ், மாட்ட நினைப்பவர்களும் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சென்னையில் உள்ள ஒரு துணைக்கருவிக் கடையில் என் 155 சிசி வண்டிக்கு, ‘அசல் டெல்ரின்’ என்று சொல்லி ஒரு ஜோடி ஸ்லைடர் விற்று, அங்கேயே மாட்டியும் கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து, தெருமுனையில் கொட்டிக் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி, நடக்கும் வேகத்தில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஸ்லைடர் இல்லாத வண்டியாக இருந்திருந்தால் ஃபேரிங்கில் கீறலும் வளைந்த கிளட்ச் லீவருமாக முடிந்திருக்கும். எனக்கோ ஸ்லைடர் இரண்டாகப் பிளந்து, அதைப் பிடித்திருந்த போல்ட் இன்ஜினின் அலுமினிய மரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

முதலில் அந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்ரின் என்பது டியூபாண்ட் நிறுவனம் அசெட்டால் வகைப் பிளாஸ்டிக்குக்கு வைத்த வணிகப் பெயர். கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருப்பதால், வண்டி சாலையில் சறுக்கும்போது அது மெதுவாகத் தேயுமே தவிர எளிதில் உடையாது. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதால் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். உடைந்த துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் போன்ற மலிவு வகைகள்தான் அப்படி மிதக்கும். பிளந்த பக்கத்தில் நடுவே காற்றுக் குமிழிகள் வேறு இருந்தன.

ஆனால் பிளாஸ்டிக் மட்டும் மோசம் என்றால் ஸ்லைடரோடு போயிருக்கும். இன்ஜின் அடிபட்டதற்குக் காரணம் போல்ட். ஸ்லைடர் மாட்டும்போது இன்ஜினை வண்டியின் சட்டத்தோடு (ஃப்ரேம்) பிணைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் நீளமான வேறொன்றைப் போடுகிறார்கள். ஆகவே அந்தப் போல்ட் ஸ்லைடரை மட்டுமல்லாமல் இன்ஜினையும் தாங்குகிறது. ஜப்பானிய வண்டிகளில் 10 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 மி.மீ. பிட்ச் (ஒரு மரைப்புரிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) இருக்கும்; நம் ஊர் இரும்புக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதோ 1.5 பிட்ச். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கையால் திருகினால் ஓரிரு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். அன்று கடைப் பையன் கையால் திருகிப் பார்க்கவே இல்லை. எடுத்த எடுப்பில், தட்டித் தட்டி வேகமாக இறுக்கும் இம்பாக்ட் கன்னை வைத்து இறக்கிவிட்டு, “நல்லா புடிச்சிருச்சு சார்” என்றான். எஃகு போல்ட் அலுமினியத்தைச் செதுக்கிக்கொண்டு உள்ளே போன சத்தம்தான் அது என்பது, பிறகு வேறொரு பட்டறையில் மரை அளவியை வைத்துக் காட்டியபோது தெரிந்தது. போல்ட் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ வலிமையைக் குறிக்கும் எண் எதுவும் இல்லை. பளபளப்பான முலாம் மட்டும் இருந்தது. இரண்டு பக்கப் போல்ட்டுகளையும் ஒரே நேரத்தில் கழற்றியதும், இன்ஜினுக்கு அடியில் ஜாக் கொடுக்காததும் தனிக்கதை.

‘ஃபேரிங்கை வெட்டவே வேண்டாம்’ என்று ஆசை காட்டி விற்கப்படும், ஸ்லைடரைத் தாங்கும் தகடான பிராக்கெட்டும் இதில் கூட்டாளி. போல்ட் துளைக்கு நேராக ஸ்லைடர் நின்றால் அடி நேராகச் சட்டத்துக்குப் போகும். ஃபேரிங்கைச் சுற்றிக்கொண்டு வரும் தகட்டின் முனையில் நின்றால், விழும்போது அந்தத் தகடு நெம்புகோலாகி ஒற்றைப் போல்ட்டை முறுக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் தடித்த பிராக்கெட்டை இரண்டு இடத்தில் பிணைத்து இதைச் சமாளிக்கிறார்கள். எனக்குக் கொடுத்தது ஒரே போல்ட்டில் தொங்கிய மெல்லிய பட்டை. அளவுக்கு மீறி வெளியே நீண்ட ஸ்லைடருக்கும் இதே குறை உண்டு; போதாததற்கு, நடைமேடை விளிம்பில் சிக்கினால் வண்டியைப் புரட்டியும் போட்டுவிடும். என் கருத்தில், ஃபேரிங்கில் அளவாக ஒரு துளை போட்டு, குட்டையான ஸ்லைடரை நேராக மாட்டுவதே மேல். போல்ட்டின் தலை பிளாஸ்டிக்குக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கொஞ்சம் தேய்ந்ததுமே சாலையில் உரசுவது இரும்பாக இருக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ டிராக் ஓட்டப் போகிறவர்கள், ஸ்லைடருக்கு முன்னால் இன்ஜினின் பக்க மூடிகள் உடையாமல் காக்கும் கேஸ் கவருக்குச் செலவழிக்கலாம். அங்கே மூடி உடைந்து ஒருவர் சிந்தும் ஆயில் பின்னால் வருபவரையும் கீழே தள்ளும்.

உடைந்த துண்டுகளையும் போல்ட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, முதலாளி அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “விழுந்தா உடையத்தான் செய்யும் தம்பி” என்றார். விழும்போது காப்பதற்காக விற்ற பொருளுக்கு இதுதான் பதில். அங்கே பில் கேட்டபோதே, போட்டால் ஜிஎஸ்டி சேர்த்து ஆகும் என்று சொல்லித் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறைதான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். யுபிஐ பணப்பரிமாற்ற விவரம், அந்தத் துண்டுச் சீட்டு, மரை போன இடத்தின் படங்கள், ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச்சுருள்) போட்டுச் சரிசெய்த பட்டறையின் பில் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அதில் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது; புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு.