திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்? கொழும்பில் விற்பனைக்குள்ள வீட்டைக் காட்டும் வழிகள்

கொழும்பில் ஒரு வீட்டையோ தொடர்மாடி மனையையோ விற்க முனைபவர்கள் விலையைப் பற்றியும் காணி உறுதியைப் பற்றியும் பல நாட்கள் யோசிக்கிறார்கள். வாங்க வருபவர் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவார் என்பதை மட்டும் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் தொலைபேசி எடுக்கிறார். தரகர் உரிமையாளரின் தம்பியைக் கேட்க வேண்டும். தம்பி வாடகைக்கு இருப்பவரைக் கேட்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரோ பிள்ளைக்குப் பரீட்சை, அடுத்த கிழமை பார்க்கலாம் என்கிறார். அதற்குள் தொலைபேசி எடுத்தவர் அடுத்த ஒழுங்கையில் வேறொரு வீட்டைப் பார்த்து முற்பணமும் கொடுத்துவிடுகிறார். ஆகவே இங்கே எடுத்துக்கொண்ட வழிகள் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியைக் கொண்டுதான் அளக்கிறேன்: கேட்டவருக்கும் கதவுக்கும் இடையில் எத்தனை பேருடைய சம்மதம் தேவைப்படுகிறது?

உரிமையாளர் தாமே அங்கு குடியிருந்து தாமே காட்டுவதில் அந்த எண்ணிக்கை ஒன்றுதான். காணி எத்தனை பேர்ச்சஸ், கூரை எப்போது மாற்றப்பட்டது, கன மழைக்கு வளவில் வெள்ளம் நிற்குமா என்பவற்றுக்கெல்லாம் விடை அந்த இடத்திலேயே கிடைக்கும். ஆனால் நம்மவர் வீடுகளில் வந்தவர் உடனே விருந்தாளியாகிவிடுகிறார். தேநீர் குடித்த பிறகு குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கவும், அலுமாரியின் பின்புறச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவும் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. சுவாமி அறைக்குள் எட்டிப் பார்க்கலாமா என்பதே தெரியாமல் வாசலில் நின்றுவிடுபவர்களும் உண்டு. கணவனும் மனைவியும் தமக்குள் பேச வேண்டியதை வீதிக்கு வந்த பிறகே பேசுகிறார்கள், அப்போது எழும் சந்தேகத்தைத் தீர்க்க அவர்கள் திரும்பி வருவது அரிது. ஒரு தடவை சுற்றிக் காட்டிவிட்டு, "ஆறுதலாகப் பாருங்கோ, நான் விறாந்தையில் இருக்கிறேன்" என்று விலகிக்கொள்ளும் உரிமையாளருக்கு இந்த வழியை விடச் சிறந்தது வேறில்லை. எல்லோருக்கும் அப்படி விலகி இருக்க முடிவதில்லை.

வீடு வெறுமையாகக் கிடந்து, உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், முதலில் தோன்றுவது திறப்பைத் தரகரிடம் கொடுத்துவிடுவதுதான். வேகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதற்கு நிகரில்லை: பம்பலப்பிட்டியில் ஒரு மனையைக் காட்டிக்கொண்டிருக்கும் தரகர், அது பிடிக்காத வாடிக்கையாளரை அதே வாகனத்தில் வெள்ளவத்தைக்கு அழைத்து வந்துவிடுவார். குறை எங்கே தொடங்குகிறது என்றால், நமது வழக்கப்படி ஒரே வீடு ஒரே நேரத்தில் பல தரகர்களின் கையில் இருக்கும்போதுதான். இணைய விளம்பரங்களில் அந்த வீடு இரண்டு மூன்று விலைகளில் தோன்றுகிறது. திறப்புக்கு எத்தனை பிரதி எடுக்கப்பட்டது என்பதை யாராலும் சொல்ல முடிவதில்லை. இன்னொரு குறை, காட்டும் முறையைக் கவனித்தால் விளங்கும். நிற நூல் கட்டிய ஒரு பெரிய திறப்புக் கொத்தில் எது கேற்றுக்கு, எது முன்கதவுக்கு என்று தேடுவதிலேயே சில நிமிடங்கள் போகின்றன. மின்சார மெயின் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருப்பதால் பின்னறைகளைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. நீர்மானியருகே குழாய் மூடியிருப்பதால் குசினிக் குழாயைத் திருகினால் காற்று மட்டுமே வருகிறது. அந்த வீட்டில் தண்ணீர் அமுக்கம் நன்றாக இருந்தாலும் பார்த்தவர் மனதில் பதிவது வரண்ட குழாய்தான்.

தரகரிடம் கொடுப்பதானால் ஒருவரிடம் மட்டும், மூன்று மாதத்துக்கென்று எழுத்தில் கொடுப்பதே முறை. கூடவே, வந்தவர் பெயரும் நாளும் நேரமும் எழுதும் ஒரு சிறு கொப்பியை வீட்டிலேயே வைக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று பேசப்படும் தரகுப் பணத்துக்குப் பிற்பாடு இரண்டு பேர் உரிமை கோரும்போது, வாங்குபவரை யார் முதலில் அழைத்து வந்தார் என்பதற்கு அந்தக் கொப்பியே சாட்சி.

இதற்கு நேரெதிரான வழி, நடந்து வரும் தூரத்தில் இருக்கும் உறவினரிடமோ அயலவரிடமோ திறப்பை வைப்பது. என் கணிப்பில், வெறுமையான வீட்டுக்குத் தரகரை விட இதுவே மேலானது. கேட்ட அன்றே கதவு திறக்கப்படும் வாய்ப்பு அதிகம். வருபவர்கள் வருவதற்கு அரை மணித்தியாலம் முன்னரே போய் யன்னல்களைத் திறந்து, தண்ணீரைத் திருப்பி, மின்விளக்குகளைப் போட்டு வைக்க ஒருவர் இருப்பார். கடலோரப் பகுதியில் உப்புக் காற்றில் பூட்டும் பிணைச்சலும் இறுகிவிடுகின்றன. அடிக்கடி திறந்து மூடும் கை ஒன்று இருப்பது வீட்டுக்கும் நல்லது. அவருக்கு விடை தெரியாத கேள்விகளுக்காக, காணியின் அளவு, வருடாந்த வரிப்பணம், நில அளவைப் படத்தின் பிரதி ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வீட்டிலேயே வைத்துவிடலாம். ஒரே நிபந்தனை, அதைச் சும்மா செய்யச் சொல்லக் கூடாது. உறவு என்பதற்காக இலவசமாகக் கேட்டால் மூன்றாவது தடவை தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், அதில் அவர்கள் பிழையும் இல்லை.

தொடர்மாடிகளில் திறப்பு கையிலிருந்தாலும் இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது. கீழே காவலாளி தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதுகிறார், எந்த மனை என்று கேட்கிறார், உள்தொலைபேசியில் அழைக்கிறார். வெறுமையான மனையில் யாரும் எடுக்காததால் வந்தவரை உள்ளே விடுவதில்லை. தொடர்மாடி உடைமை தொடர்பான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி கட்டடத்தின் பொது இடங்கள், மனை உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் இருப்பதால், யார் மனையைக் காட்டுவார், எந்த நேரங்களில் ஆட்கள் வருவார்கள், அவர்கள் வாகனத்தை எங்கே நிறுத்தலாம் என்பவற்றை அதன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதத்தில் அறிவிப்பது ஒரு சம்மதத்தை முழுமையாகக் குறைத்துவிடுகிறது. இலக்கப் பூட்டைப் பொருத்தி எண்ணை அனுப்பிவிடும் முறையைச் சிலர் மெச்சுகிறார்கள். துணையில்லாமல் அந்நியரை வீட்டுக்குள் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு, கேட்ட நேரமெல்லாம் காட்டுவதா, குறித்த நேரத்தில் மட்டும் காட்டுவதா என்பதே உண்மையான போட்டி. எந்நேரமும் வரலாம் என்பது தாராளமாகத் தோன்றினாலும், அடுப்பில் கறி இருக்கும்போதும் பிள்ளைகள் படிக்கும்போதும் ஆட்கள் வந்து போவது இரண்டு கிழமைக்கு மேல் தாங்காது. பின்னர் உரிமையாளரே சாக்குச் சொல்லத் தொடங்குவார். கிழமைக்கு இரண்டு வேளைகளை உறுதியாகக் குறித்து அவற்றை விளம்பரத்திலேயே போட்டுவிடுவது மேல். வேளையைத் தெரிவதில்தான் ஊரை அறிந்திருக்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். பொதுக் கணக்குப்படி அன்று 4.30 முதல் 6 மணி வரை இராகு காலம், முதல் தடவையாக அந்த வேளையில் வாசலை மிதிக்க விரும்பாத சைவக் குடும்பங்கள் இங்கே நிறைய. சனிக்கிழமை காலையில் அது 9 முதல் 10.30 வரை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தில் வாங்க வருபவர்களில் முஸ்லிம்களும் கணிசமானோர். வெள்ளி நடுப்பகலில் அவர்களை எதிர்பார்க்க முடியாது. வார நாட்களில் 1.30க்குப் பாடசாலை விட்டதும் காலி வீதி நெருங்கிவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை வீட்டை இருட்டாக்கும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஞாயிறு 10 முதல் 12.30 வரையும், வேலைக்குப் போகிறவர்களுக்காக வார நாள் ஒன்றில் மாலை 6.30க்குப் பின்னரும் பொருத்தமான வேளைகளாக மிஞ்சுகின்றன. போயா விடுமுறையை மேலதிகமாக வைத்துக்கொள்ளலாம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்கு வட்ஸ்அப் காணொளியில் காட்டுவது ஒரு வடிகட்டியாக உதவும். நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது. கோடை காலத்தில் இங்கே மாலை 6.30 என்பது லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9 மணி என்பதால், மேலே சொன்ன மாலை வேளையே இதற்கும் பொருந்துகிறது. ஆனால் கமராவைத் திறப்பதற்கு முன் குடியுரிமையைக் கேட்டுவிட வேண்டும்: வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணியுடன் கூடிய வீட்டை வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை, தொடர்மாடி மனைகளுக்கு விலக்கும் உண்டு.

மிகக் கடினமானது வாடகைக்காரர் இருக்கும் வீடு. விற்பனையால் அவருக்கு வருவது இடம்பெயர்வு மட்டுமே. அப்படியிருக்க, ஞாயிறு காலையில் கட்டிலைச் சரிசெய்து அந்நியருக்குக் கதவு திறக்க அவர் ஏன் முன்வர வேண்டும்? சிலர் அவருக்குச் சொல்லாமலே தரகரை அனுப்புகிறார்கள். அதன் விளைவாக, கூரை ஒழுகுகிறது, அயல் சரியில்லை என்று வருபவரின் காதில் அவர் சொல்லி அனுப்புவதும் நடக்கிறது. மற்றையவர்கள் அவர் போகும் வரை காத்திருந்து மாதங்களை இழக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில், காட்டும் காலம் முடியும் வரை மாத வாடகையில் ஒரு பகுதியைக் கழித்து, கிழமைக்கு ஒரு வேளையை அவரே தெரிவுசெய்யவும் விட்டு, முற்பணத்தை எந்தத் திகதியில் திருப்பிக் கொடுப்போம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பவருக்கு, அந்த ஒரு வேளையில் கதவு தவறாமல் திறக்கும்.