மூக்கு கழுவும் பாட்டில்: ஃபெஞ்சல் புயலில் இருந்து இன்றுவரை

விலை இறங்கியிருக்கிறதாம். தெரிந்தவர்கள் எல்லாம் "வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். பாட்டில் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். 240 மில்லி பிடிக்கும், அழுத்தினால் தண்ணீர் ஒரு மூக்கில் போய் மறு மூக்கில் வரும், கூடவே உப்புப் பாக்கெட்டுகள். அதையெல்லாம் பெட்டியிலேயே படித்துக்கொள்ளலாம். பெட்டியில் எழுதாத ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

போன தண்ணீர் முழுதும் வெளியே வருவதில்லை.

காலையில் கழுவி, சிந்தி, துடைத்து, இனி ஒரு சொட்டு இல்லை என்று நம்பிக் கடலூரில் பஸ் ஏறுவேன். கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் வரை ஒன்றும் இருக்காது. தவளக்குப்பம் வரும்போது விழுந்த டிக்கெட்டை எடுக்கக் குனிந்தால் போதும், குபுக்கென்று ஊற்றும். சளி இல்லை, சுத்தமான உப்புத் தண்ணீர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஒருநாள் புதுச்சேரி ஆபீஸில் வருகைப் பதிவேட்டின் மேல் குனிந்தபோது, மேல் வரியில் இருந்தவர் கையெழுத்தின் மீதே விழுந்தது. நீல மை இலை நரம்பு மாதிரி கிளை விட்டுப் பரவியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காரணத்தை மூக்கு டாக்டர்தான் சொன்னார். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. உள்ளே புகுந்த தண்ணீர் நாம் நிமிர்ந்திருக்கும் வரை அங்கேயே தங்கும், தலை சாய்ந்தால்தான் வழியும். சரி, உடம்பின் அமைப்பு அப்படி. அதை ஒரு வரி அச்சடித்துக் கொடுக்க என்ன கேடு? உள்ளே வைத்த சீட்டில் சிரித்துக்கொண்டே கழுவும் பெண்ணின் படம் இருக்கிறது, இந்தச் சேதி இல்லை.

கழுவியதும் இடுப்பை வளைத்துத் தலையைத் தொங்கவிடுங்கள். இடமும் வலமும் திருப்புங்கள். இரண்டு துவாரத்தையும் திறந்தபடியே மெதுவாகச் சிந்துங்கள். ஒன்றை அடைத்துக்கொண்டு ஓங்கிச் சிந்தினால் காது அடைத்துக்கொள்ளும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவிவிடுங்கள், படுக்கப்போகிற நேரத்தில் வேண்டாம். இத்தனையும் செய்தும் சில நாள் ஊற்றும். இன்று காலையும் ஊற்றியது.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் ஃபெஞ்சல் கரை கடந்தபோது, எங்கள் வீட்டுச் சுவர் ஓதம் ஏறி, காய்வதற்குள் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிட்டது. எனக்கு வழக்கமாக ஐப்பசி மழையில் தொடங்கும் தும்மல், மார்கழிப் பனி, போகிப் புகை என்று தை வரை இழுக்கும். அந்த வருஷம் மாசியிலும் விடவில்லை. கடலோரத்துக் காற்றின் ஈரத்தில் மெத்தைக்குள் தூசிப்பூச்சிக்குக் கொண்டாட்டம். வேலிகாத்தான் பூத்தால் அந்த மகரந்தம் வேறு.

டாக்டர் தினமும் அடிக்க ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதி, அதற்கு முன்னால் மூக்கைக் கழுவச் சொன்னார். சளியின் மேல் அடித்த மருந்து சளியோடு போய்விடும் அல்லவா? ஸ்ப்ரேயின் முழுப்பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் கசியும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து உடனே திறக்கும்தான், ஆனால் சில நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பைக் கொண்டுவரும்.

கழுவ ஆரம்பித்துச் சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பால் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அத்தை வாசலில் பூக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அடுப்பை அணைத்துப் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு வளையம், அவ்வளவுதான். பால் கருகி வீடெல்லாம் புகைந்த பிறகும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த மழைக்காலங்கள் எனக்கு உண்டு. அந்தப் பாத்திரத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றேன், கண் கலங்கிவிட்டது. மறுநாள் அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பை வாசனையோடு சாப்பிட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "கேன் தண்ணிதானேம்மா, அப்பிடியே ஊத்திக்கயேன்" என்பார் அத்தை. கூடாது. நன்றாகக் கொதித்து ஒரு நிமிஷமாவது தளதளக்க வேண்டும், பிறகு வெதுவெதுப்பாக ஆற வேண்டும். கேரளத்தில் உயிர்களைக் கொண்டுபோன நெக்லேரியா அமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில்தான் இருக்கும். அதைக் குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால்தான் மூளைக்கு ஏறும். உப்பு சேர்க்காத வெறும் தண்ணீரும் வேண்டாம், சுரீரென்று எரியும். பாக்கெட்டில் உப்போடு கொஞ்சம் சோடா உப்பும் இருப்பதால் எரிச்சல் இல்லை.

ஆபீஸில் ஓர் அக்கா "எனக்கும் சைனஸ்தான்" என்று இதை வாங்கப் பார்க்கிறார். அவருக்கு மூக்கு அடைப்பதில்லை, சளி இல்லை. ஒரு பக்கத் தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, குமட்டுகிறது. சைனஸ் தலைவலி என்று பலர் நினைத்துக்கொள்வது மைக்ரேன்தான். வாங்காதீங்கக்கா, முதல்ல கோரிமேட்டுல ஜிப்மர் ஓபிக்குப் போய்க் காட்டுங்க என்று சொல்லியிருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால், இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. அதற்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. பாட்டிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், என்னுடையதன் மூடியும் தளர்ந்துவிட்டது. அத்தைக்கும் இப்போது காலைத் தும்மல் தொடங்கியிருக்கிறது, ஒரே பாட்டிலை இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது. விலை ஏறுவதற்குள் இரண்டாக வாங்கப்போகிறேன்.