என்.எஸ்.எஸ்.ஸா, மாணவர் குழுவா? ஜூன் மாதத்தைத் தாண்டுவது எது?

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "காசநோய், மருந்து விலைன்னு நீங்க பசங்கள வச்சு ஏதோ செய்யுதீங்களாமே, நாங்களும் ஆரம்பிக்கணும். என்.எஸ்.எஸ்.லயே செய்யவா, தனியா குழு போடவா?"

பாளையங்கோட்டையில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலராக இருந்தேன். அப்புறம் ஐந்து வருடமாக மாணவர்களே நடத்தும் குழுவுக்குத் துணையாக இருக்கிறேன். என் மனசு இரண்டாவது பக்கம்தான் சாயும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்.எஸ்.எஸ்.ஸின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு யூனிட்டுக்கு நூறு பேர், வருடத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம், ஓ.டி. (வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு), சான்றிதழ், கொஞ்சம் பணம். மார்ச் 24 உலகக் காசநோய் நாளுக்குப் பேரணி என்றால் ஒரு பீரியடுக்குள் ஆள் சேர்ந்துவிடும். ரத்ததானம், கண் முகாம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பேரணி முடிந்த பிறகுதான் சிக்கல். ஒரு முறை மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களிடம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. ஒரு அம்மா மடியில் இருந்த சுளகை இறக்காமலே கேட்டார்: "காலைச் சளியக் கொண்டாங்கன்னு சொல்லுதாங்க. காலையிலதான் நான் பீடியக் கடையில போடணும். போடலன்னா நாளைக்கு இலையும் தூளும் யார் தருவா?" எங்கள் நோட்டீஸில் அதற்குப் பதில் இல்லை. தெருவுக்கே வந்து மாதிரியை வாங்கிக்கொள்ளச் சொல்லி யாராவது மனு கொடுக்க வேண்டும்.

மனு என்றதும் நிர்வாகத்தில் முகம் மாறியது. "சேவை செய்ங்க சார், கோரிக்கை எல்லாம் நமக்கு எதுக்கு" என்றார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். பணியிட அனுமதி, சம்பளம் எல்லாவற்றுக்கும் அரசையே பார்த்து நிற்கும் கல்லூரி, தன் லெட்டர்பேடில் எதையும் கேட்கத் தயங்கத்தான் செய்யும். ஆனால் கேட்காமல் வருமா?

மாணவர் குழுவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அங்கே மனுவோடு வரிசையில் நிற்க பிரின்சிபால் கையெழுத்து வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை போதும். மூன்று பேர் போனார்கள், மூன்று முறை மனு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சுகாதாரத் துறையினர் தெருவுக்கே வந்து மாதிரி சேகரித்தார்கள். எங்கள் மனுவால் நடந்ததா, ஏற்கெனவே போட்டிருந்த திட்டமா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. பசங்கள் தங்களால்தான் என்று நம்புகிறார்கள், நான் மறுக்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குழுவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிப்போம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் பெடாகுயிலின் மாத்திரையின் கதை ஒரு மாதம் ஓடியது. அதன் ஒரு உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமை கிடைத்திருந்தால், இந்தியாவில் அந்த மருந்தின் மேல் நிறுவனத்தின் பிடி 2027 வரை நீண்டிருக்கும். 2019-இல் அதை எதிர்த்து மனு போட்டவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள். ஒருவர் மும்பை, ஒருவர் தென்னாப்பிரிக்கா. இரண்டு பேருமே பழைய ஊசி மருந்தால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. இதைப் படித்தபோது ஒரு பையன், "அவங்க போட்டதும் மனுதான், நாம போட்டதும் மனுதான், என்ன சார்" என்றான். பேரணிக்கு வந்தவர்களைவிட இதற்கு வந்தவர்கள்தான் கடைசிவரை நின்றார்கள்.

சரி, இதெல்லாம் ஒரு பக்கம். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: ஜூன் மாதம்.

குழுவின் முதல் இரண்டு வருடமும் மூன்றாம் ஆண்டு பசங்கள்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தார்கள். ஏப்ரலில் தேர்வு, அப்புறம் ஒருவன் சென்னை, ஒருவன் ஓசூர், ஒருவன் துபாய். ஜூனில் கல்லூரி திறந்தபோது மனு நகல் துபாய்க்காரன் போனில், பீடிக்காரம்மாக்களின் நம்பர் சென்னைக்காரன் போனில், வாட்ஸ்ஆப் குழுவின் அட்மின் ஓசூரில் நைட் ஷிஃப்டில். புதிதாக வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பேரணிக்கு பேனர் அடித்தார்கள்.

"இதுக்குத்தான் என்.எஸ்.எஸ். நிலையானதுன்னு சொல்லுதோம்" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திட்ட அலுவலர் பொறுப்பே மூன்று வருடத்துக்குத்தான். நான் இறங்கியதும் அடுத்து வந்தவருக்கு மரம் நடுவதில் ஆர்வம், காசநோய் ஃபைல் பீரோவுக்குள் போனது. யூனிட் இருந்தது, பேனர் இருந்தது, விஷயம் மட்டும் இல்லை. மாணவர் குழு இந்த இடத்தில் தோற்றால் கண்ணுக்குத் தெரியும். உடனே சரிசெய்யப் பார்ப்போம். என்.எஸ்.எஸ்.ஸில் ஆண்டறிக்கை அழகாக வந்துகொண்டே இருக்கும், விஷயம் செத்தது யாருக்கும் தெரியாது.

நாங்கள் கண்ட வழி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பொறுப்பு இரண்டாம் ஆண்டுக்காரர்களிடம் இருக்கும், மூன்றாம் ஆண்டு கூட நிற்கும். கைமாற்றுவது ஜனவரியில். அப்போதுதான் பழையவர்கள் மூன்று மாதமாவது பக்கத்தில் இருப்பார்கள். ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. மனு எண், தேதி, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது போக வேண்டும், எல்லாம் அதில் கையால் எழுத வேண்டும். போனில் இருப்பது கணக்கில் இல்லை. இதற்கு விலையும் உண்டு. இரண்டாம் ஆண்டு பிள்ளைகளுக்கு அனுபவம் போதாது. ஒரு முறை சம்பந்தமே இல்லாத துறைக்கு மனு எழுதி, பதிலுக்கு இரண்டு மாதம் காத்திருந்தோம்.

ஆசிரியர் எதற்கு என்று கேட்டால், யேல் பல்கலைக்கழகத்தில் 2001-இல் நடந்ததைச் சொல்வேன். ஹெச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடினின் காப்புரிமை யேலிடம் இருந்தது, விற்கும் உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்பிடம். தென்னாப்பிரிக்காவில் மலிவான மருந்தைப் பயன்படுத்த விடுங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேட்டது. மாணவர்கள் அதற்காகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மருந்தின் பின்னால் இருந்த பேராசிரியர் வில்லியம் புருசாஃபே அவர்கள் பக்கம் பேசினார். சில வாரங்களில் நிறுவனம் விலையைக் குறைத்து, அங்கே காப்புரிமையைக் காட்டித் தடுக்க மாட்டோம் என்றது. பசங்கள் மட்டும் கத்தியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம். அதனால் எங்களுக்கு இரண்டு ஆசிரியர்கள், இரண்டு கல்லூரியிலிருந்து. ஒருவர் ஓய்வு பெற்றாலும் குழு நிற்காது.

மூன்றாவதாக, கல்லூரிகளுக்கு இடையே ஆசிரியர் மன்றம் என்று ஒன்றையும் முயன்றோம். பாளையங்கோட்டையில் கல்லூரிக்கா பஞ்சம்? நாலு முறை கூடினோம், நாலு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தோம்.

என் அனுபவம் கலைக் கல்லூரியோடு சரி. ஹாஸ்டலில் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டிய மாணவிகளை வைத்துச் சாயங்காலக் கூட்டம் எப்படி நடத்துவது என்பதற்கு எங்களிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளோடு வேலை செய்ததும் இல்லை. அவர்கள் படிப்பு நீளம், அங்கே ஜூன் பிரச்சினையே வராமல் போகலாம்.

"அப்போ என்.எஸ்.எஸ். வேண்டாங்கியளா?" என்றார் நண்பர். வேண்டும். ஏழு நாள் முகாமில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறமும் கேள்வி கேட்டுக்கொண்டு உட்காரும் இரண்டு பேரை அங்கேதான் பிடிக்க முடியும். போன மாதம் நோட்டை வாங்கிக்கொண்ட இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவியும் அப்படிச் சிக்கியவர்தான். வாங்கியதும், "தெருவுல மாதிரி எடுக்கது ஏன் சார் நின்னு போச்சு?" என்று கேட்டார். நோட்டில் தேடினோம், அதற்கு மட்டும் பதில் எழுதியிருக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை அவரும் இன்னொருவரும் கொக்கிரகுளம் போகிறார்கள்.